அலாய் வீலும் என் இடது பக்கமும்

காலையில் எழுந்து வந்து பார்த்தால், நடு ஹாலில் கொசுவலை கட்டியிருக்கிறது. உள்ளே யார் படுத்திருப்பது? வீட்டுக்கு விருந்தாளி யாரும் வரவில்லையே... குனிந்து பார்த்தேன்.

கார் சக்கரம்!

பழைய பெட்ஷீட் விரித்து, அதன்மேல் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் சக்கரத்தைப் படுக்கப் போட்டிருக்கிறார் என் வீட்டுக்காரர். மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை. கையில் ஸ்ப்ரே கேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் கிடையாது.

"மெதுவா வா. நீ நடந்தா தூசி பறக்கும்" என்றார்.

என் வீடு. என் ஹால். நான் நடந்தால் தூசி பறக்குமாம்!

என் வீட்டுக்காரர் செல்வினைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பும் புலம்பியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டெஸ்டிங் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கணவர் இருக்கும் வீட்டில் எல்லாப் பொருளும் நல்லபடியாக ஓடிக்கொண்டிருப்பது ஆபத்து. ஏதாவது ஒன்று கெட்டுப்போனால்தான் மனிதர் நிம்மதியாக இருப்பார். மிக்ஸி முடிந்தது, மோட்டார் முடிந்தது, காம்பவுண்ட் கேட் முடிந்தது. அடுத்து அவர் கண்ணில் பட்டது காரின் சக்கரங்கள்.

கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் ஆசையாசையாய் அலாய் வீல் மாட்டியிருந்தார். எங்களிடம் வரும்போதே நாலும் வெயில் பட்டு மங்கியிருந்தன. இடது பக்கத்து இரண்டு மட்டும் போகப்போக ஓரமெல்லாம் சுரண்டி, பொரிந்து, எலி கடித்த முறுக்கு மாதிரி இருந்தன. அது முன்பு வைத்திருந்தவர் செய்ததல்ல. அது நான்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். வலது பக்கம் எனக்குப் பிரச்சினை இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொள்வேன். ஆனால் இந்த இடது பக்கம் இருக்கிறதே... அது வேறு ஊர். அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு ஒரு தகவலும் வருவதில்லை. "கண்ணாடியைப் பாருங்க மேடம்" என்பார் கற்றுக்கொடுத்தவர். கண்ணாடியைப் பார்த்தால் முன்னால் போகிற ஷேர் ஆட்டோ தெரியாது. ஷேர் ஆட்டோவைப் பார்த்தால் கண்ணாடி தெரியாது. இரண்டையும் பார்க்கிறவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இவ்வளவு பயம் உள்ளவள் எதற்காக ஓட்டவேண்டும்? அக்காவுக்காக.

கிரேஸ் அக்கா மம்சாபுரத்தில் இருக்கிறாள். முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வாரம் ஒரு தடவை, புதன்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிசியோதெரபி சென்டருக்குப் போயாகவேண்டும். விட்டால் முட்டி இறுகிவிடும், அப்புறம் மடங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பஸ் படி அவளுக்கு ஏற முடியாத உயரம். ஆட்டோ குலுக்கல் ஆகாது. ஆகவே நான் ராஜபாளையத்திலிருந்து கிளம்பி, மம்சாபுரத்தில் அக்காவை ஏற்றிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன்.

அந்த சென்டர் இருப்பது ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். ரத வீதி எவ்வளவு அகலமோ, சந்து அவ்வளவு குறுகல். போதாததற்கு, ஒவ்வொரு வீட்டுக்காரரும் பைக் ஏற்றுவதற்கு வாசலில் சிமெண்ட் சரிவு போட்டு வைத்திருக்கிறார்கள். சரிவு ரோட்டுக்கு வந்து, ரோடு நடுவில் ஒரு ஓடை மாதிரி ஓடுகிறது.

அங்கே நிறுத்துவதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். மெதுவாக, மிக மெதுவாக இடது பக்கம் ஒதுங்குவது. 'கர்ர்...' என்று ஒரு சத்தம் வரும். சக்கரம் சரிவின் விளிம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே பிரேக். அவ்வளவுதான், கார் அழகாக ஓரமாய் நிற்கும். பக்கத்து சீட்டில் இருந்து அக்கா, "ம்... ஒட்டிருச்சு. நிறுத்து" என்பாள். கண் தெரியாதவர் கைத்தடியால் தட்டிப் பார்த்து நடப்பதில்லையா? எனக்கு அந்த அலாய் வீல்தான் கைத்தடி. ஏற்கெனவே சுரண்டிய சக்கரம். இன்னொரு கோடு விழுந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இதெல்லாம் செல்வினுக்கும் தெரியும். ஒரு நாள்கூடக் கேலி செய்ததில்லை. "நீ இம்புட்டுத் தைரியமா ஓட்டுதே. வண்டியும் பாக்க அம்சமா இருக்கணும்ல? அந்தக் கோட்டயெல்லாம் நான் அழிச்சுத் தாரேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் பிரச்சினையே!

வேலை ஆரம்பித்தது. ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றுவது, அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டிவைப்பது, கழற்றியதை சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டுவது... பிள்ளைகளைக்கூட அவர் அப்படிக் குளிப்பாட்டியதில்லை. பிறகு உப்புத்தாள். முதலில் சொரசொரப்பானது, அப்புறம் நைஸானது. பள்ளங்களில் பட்டி பூசி, காயவிட்டு, மறுபடி தேய்ப்பு. வீடு முழுக்க 'சரக் சரக்' என்று சத்தம். நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினால், அவர் தேய்ப்பதைக் கூட்டினார்.

டயரில் பெயிண்ட் படாமல் இருக்க, டயருக்கும் வீலுக்கும் நடுவில் சுற்றிலும் அட்டை செருகவேண்டுமாம். வீடியோவில் வெள்ளைக்காரர் சீட்டுக்கட்டைச் செருகினார். எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டுக்கு எங்கே போவது? கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. அலமாரியில் கட்டுக்கட்டாய்ச் சேர்த்துவைத்திருந்ததை எடுத்துச் சக்கரத்தைச் சுற்றி வரிசையாய்ச் செருகிவிட்டார். "இந்தப் பத்திரிகைக்கு இன்னும் கல்யாணமே ஆகலங்க!" என்று நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் மாப்பிள்ளை பெயரின் மேல் சில்வர் அடித்தாகிவிட்டது. மண்டபம் எது என்று அப்புறம் போன் போட்டுத்தான் கேட்டோம்.

நிறம் தேர்ந்தெடுத்த கதை தனி. மூன்று பெயிண்ட் கேன்களின் மூடிகளைக் கொண்டுவந்து நீட்டினார். சில்வர், ஸ்பார்க்கிள் சில்வர், ஏதோ கிரே. "இதுல எது?"

"மூணும் ஒண்ணுதானே?"

நான் ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார்.

இதில் உச்சம் எது தெரியுமா? மில்காரர்கள் வீட்டில் எதைத் துடைப்பதற்கும் காட்டன் வேஸ்ட்தான். கழிவுப் பஞ்சு நூல். எண்ணெய் துடைக்க, சைக்கிள் துடைக்க, கை துடைக்க... எங்கள் ஊரில் துடைப்பது என்றாலே அதுதான். அடிப்பூச்சாகப் பிரைமர் அடிப்பதற்கு முன்னால் சக்கரத்தை அதைக் கொண்டே பளபளவென்று துடைத்திருக்கிறார். பிரைமர் அடித்தார். காய்ந்தது. கொசுவலையைத் தூக்கிப் பார்த்தால், சக்கரத்துக்கு மெல்லிசாய் தாடி முளைத்திருக்கிறது! ஒவ்வொரு கம்பியிலும் பஞ்சு இழை.

"மலைக்காத்துல பறந்து வந்திருக்கும்" என்றார்.

"ஹாலுக்குள்ளயா? கொசுவலைக்குள்ளயா?"

ஒரு இழையைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க நூலில் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதர்! மறுபடி உப்புத்தாள், மறுபடி தேய்ப்பு. இரண்டு நாள் நான் அவர் பக்கம் திரும்பிச் சிரிக்காமல் இருப்பதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒருவழியாக நாலு சக்கரமும் முடிந்தன. மாட்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, கேட்டுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது... அசந்துவிட்டேன். ஷோரூமில் இருந்து அப்போதுதான் வந்தது மாதிரி இருந்தது. வெயில் பட்டு மினுங்குகிறது. என் கோடுகள் ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டு ராஜு சார் வெளியே வந்து தெலுங்கில் "பாகுந்தி, பாகுந்தி" என்று மெச்சிக்கொண்டே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "திருஷ்டி கழிச்சிருங்க செல்வின்" என்றார்.

"எப்டி இருக்கு?" என்று செல்வின் என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றேன். ஆனால் இடது பக்கத்துச் சக்கரத்தை விட்டு இரண்டடி தள்ளியே நின்றேன். சந்தோஷமா? சந்தோஷம் என்றால் ஏன் தள்ளி நிற்கவேண்டும்?

அது என்னவென்று அந்தப் புதன்கிழமைதான் தெரிந்தது. சாவியைப் போட்டு, கியர் போட்டு, கேட்டைத் தாண்டும்போது இடது பக்கத்துத் தூண் ஞாபகம் வந்தது. தினமும் தாண்டுகிற அதே தூண். கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு முழம் இடைவெளி இருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி பயம். மறுபடி இறங்கினேன். இப்படியே கொஞ்ச நேரம் ஏறி இறங்கிவிட்டு, காரை அணைத்துவிட்டு உள்ளே வந்து, "தலைவலிக்குதுங்க" என்று படுத்துக்கொண்டேன். அக்காவுக்கும் போனில் அதே தலைவலிதான்.

எனக்கே என்னைப் புரியவில்லை. சக்கரம் கெட்டிருந்தபோது நன்றாக ஓட்டினேன். சக்கரம் நன்றாக ஆனபிறகு ஓட்ட வரவில்லை. இதை யாரிடம் சொல்வது? 'நீங்கள் பெயிண்ட் அடித்ததால்தான்' என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? நாள்கணக்கில் முதுகு வலிக்க உட்கார்ந்து தேய்த்தவராயிற்றே! கோபமாகவும் வந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள் மேல், ஒரே நேரத்தில்!

அடுத்த புதன் செல்வினே ஓட்டினார். நான் முன்னால், அக்கா பின்னால். அக்கா வழியெல்லாம், "தம்பி, தக்காளி உங்க ஊர்ல என்ன வெல?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அவர் சொன்னார். பிறகு வெங்காயம் விசாரித்தாள். அதையும் சொன்னார். பிறகு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நானும் அக்காவும் மட்டும் போகிற கார் அப்படி இருக்காது. அந்தக் காருக்குள் வைத்துத்தான் அக்கா அழுவாள். வெளிநாட்டில் இருக்கிற மகன் போனை வைக்கப் பார்க்கிற அவசரத்தைச் சொல்லி அழுவாள். வீட்டில் தனியாக இருக்கும்போது அழமாட்டாள், அங்கே அழுதால் நிறுத்தத் தெரியாது என்பாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே நான் 'ம்' கொட்டுவேன். முகம் பார்க்காமல் கேட்பதற்கு காரை விட்டால் வேறு இடம் கிடையாது. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "பால்கோவா கட எங்க வருது?" என்பாள். இனிமேல் வாங்கவே கூடாது என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் வாராவாரம் வாங்குவோம்.

அதற்கடுத்த வாரம் போன் வந்தது.

"இந்த வாட்டி நான் வரல ஜெயா."

"ஏங்க்கா? அவுகதான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுதாகளே."

"அவியளுக்கு எதுக்குச் செரமம்? தக்காளி வெலயெல்லாம் கேட்டு முடிச்சாச்சு. நீ ஓட்டுனா வாரேன். இல்லன்னா வேண்டாம்."

அந்த வாரம் அவள் போகவில்லை. நானும் ஓட்டவில்லை. முட்டி இறுகத் தொடங்கியதைப் போனில் அவள் குரலிலேயே கேட்டேன். எழுந்து கதவைத் திறக்கப் போகும்போது 'யப்பா' என்றாள். அந்த 'யப்பா' எனக்கு இரவெல்லாம் கேட்டது.

போன புதன்கிழமை சாவியை எடுத்தேன். செல்வின் பேப்பரை இறக்கிப் பார்த்தார். மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தே களைத்துப்போயிருப்பார். அக்காவை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தேன். ஆனால் சந்துக்குள் போகவில்லை. ரத வீதியில் அகலமான இடமாகப் பார்த்து, இரண்டு பக்கமும் காலியாக, நடுக்கடலில் கப்பல் மாதிரி காரை நிறுத்தினேன்.

"ஏட்டி, இங்க எதுக்கு நிறுத்துதே?"

"செத்த தூரம்தானக்கா. நடந்துருவோம்."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இறங்கி நடந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து... சந்தில் பாதி தூரம் போயிருப்போம். அவளால் முடியவில்லை. யாரோ ஒருவர் வீட்டு வாசல் சரிவிலேயே 'தொப்'பென்று உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை.

"போயி வண்டியக் கொண்டா. நான் இங்கனயே இருக்கேன்."

வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். "சொரண்டிரும்க்கா."

"எது சொரண்டும்?"

"வீலு. அவுக பெயிண்ட் அடிச்சிருக்காகள்ல..."

அக்கா சேலையைக் கொஞ்சம் விலக்கி, வீங்கியிருந்த முட்டியைக் காட்டினாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள். "இதவிடவா அது பெருசு?"

ஓடினேன். என் வயதில், சேலையில், ரத வீதியில் ஓடினேன். காரை எடுத்துச் சந்துக்குள் திருப்பினேன். அக்கா சரிவில் உட்கார்ந்தபடியே போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை ஆட்டினாள். வா... வா... இன்னும் வா...

கர்ர்ர்...

"ஒட்டிருச்சு! நிறுத்து!" என்று சந்தே கேட்கும்படி கத்தினாள்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். மினுங்குகிற சில்வரில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. போச்சே என்று இருந்தது. கூடவே, நாள்கணக்கில் மூச்சை அடக்கி வைத்திருந்தவள் விட்டது மாதிரி இருந்தது. அழுவதா, சிரிப்பதா? இரண்டும் இல்லாமல் சக்கரத்தின் முன்னால் குத்தவைத்திருந்தேன். அந்த வீட்டு அம்மா வெளியே வந்து, "மயக்கமா வருதாம்மா? தண்ணி தரவா?" என்று கேட்டார். வாங்கி நானும் அக்காவும் குடித்தோம்.

திரும்பும்போது என் இடது பக்கம் திரும்பக் கிடைத்துவிட்டது. அக்கா மகனைப் பற்றிச் சொன்னாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். மம்சாபுரத்தில் அவளை இறக்கிவிட்டு ராஜபாளையம் வரும்வரை செல்வினிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். நாய் குறுக்கே வந்தது என்று சொல்லலாமா? வேண்டாம், பாவம் நாய்.

கேட்டிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகச் சக்கரத்தைத்தான் பார்த்தார். உட்கார்ந்தார். கோட்டின் மேல் விரலை வைத்து முன்னும் பின்னும் நெருடினார்.

"திட்டிருங்க" என்றேன்.

"பொறு" என்றார். உள்ளே போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்துவந்தார். மறுபடி உட்கார்ந்தார். கோட்டின் ஓரத்தை நகத்தால் கிளறிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு!

"பாத்தியா... சுத்தி ஒரு செதில் உரியல. நல்லாப் புடிச்சிருக்கு."

"என்னது புடிச்சிருக்கு?"

"பெயிண்டு! மில்லுல நூல எப்டி டெஸ்ட் பண்ணுவோம்? அறுந்து போற வரைக்கும் இழுத்துத்தான் பாப்போம். அறுத்துப் பாக்காம நல்ல நூலுன்னு எவன் சொல்லுவான்? நீ என்னடான்னா வண்டிய எடுக்கவே மாட்டேங்கே. நான் எப்டித் தெரிஞ்சுக்கிறது? நானே கொண்டுபோயிச் செவுத்துல உரசவா முடியும்?"

மூன்று வாரம் நான் செத்துப் பிழைத்திருக்கிறேன். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவருக்கு அது டெஸ்ட்! வந்த கோபத்தில் கைப்பையை எறிந்திருப்பேன். ஆனால் அதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோட்டைச் செல்போனில் படம் எடுத்து ராஜு சாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஒரே குழப்பம். இந்த மனிதர் நிஜமாகவே பெயிண்டைப் பற்றித்தான் பேசினாரா? இல்லை, எல்லாம் தெரிந்துகொண்டு, நான் மறுபடி ஓட்டவேண்டும் என்பதற்காக அப்படிப் பேசினாரா? கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தேன். "பெயிண்டுக்கு மேல கிளியர் கோட்டு இன்னொரு தடவ அடிச்சிருக்கலாம்" என்கிறார்.

நாளைக்குப் புதன்கிழமை. ஓட்டிக்கொண்டே யோசிக்கிறேன்.